பழைய லேப்டாப்பில் தினமும் நீங்கள் திறக்கிற கட்டற்ற மென்பொருள் எது?

தேன்பெட்டி (மார்த்தாண்டம் பக்கம்):

வணக்கம். தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. 2 ஜிபி ராம். பட்டனை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய் சாயா போட்டுக் கொண்டுவந்தால்தான் திரை வருகிறது. விண்டோஸும் பழையது, இனி அப்டேட் கிடையாது என்கிறார்கள்.

எனக்கு மூன்று வேலை. நாங்கள் தேனீ வளர்க்கிறோம். ரப்பர் தளிர்க்கிற மாசி, பங்குனியில் எந்தத் தோட்டத்தில் எத்தனை பெட்டி வைத்தோம், எவ்வளவு தேன் எடுத்தோம் என்று நோட்டில் எழுதுவதைக் கணினியில் ஏற்ற வேண்டும். பாட்டிலுக்குத் தமிழில் லேபிள் செய்ய வேண்டும். மகள் ஒன்பதாம் வகுப்பு, அவளும் பயன்படுத்துவாள்.

இணையத்தில் தேடினால் ஐம்பது பெயர் வருகிறது. எனக்கு ஐம்பது வேண்டாம். நீங்கள் தினமும் திறக்கிறது எது, ஏன் அதைப் பிடித்துக்கொண்டீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்க இப்போது வழியில்லை, திருட்டு காப்பி போட மனமும் இல்லை.

தக்கலை டிடிபி:

அக்கா, தக்கலையில் 2003 முதல் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோவில் கொடை (திருவிழா) நோட்டீஸ், பங்குத் திருவிழா மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவற்றில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. கடையில் மூன்று கணினி, அதில் இரண்டில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற கட்டற்ற இயங்குதளம். காசு மிச்சமாகும் என்று நான் அதற்குப் போகவில்லை. ஏன் போனேன் என்று சொன்னால்தான் உங்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

ஒரு ஐப்பசி மழையில் இடி விழுந்து கடையின் பழைய கணினி போயிற்று. ஃபைல்கள் எல்லாம் டிவிடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைச் செய்த மென்பொருள் புதுக் கணினியில் ஏறவில்லை, அதன் உரிமம் பழைய கணினியோடு போய்விட்டது. சில மாதம் கழித்து ஒரு கோவில் கமிட்டிக்காரர் வந்தார். முன்பு நான் செய்துகொடுத்த 64 பக்கக் கொடை மலரை மறுபடி அச்சிட வேண்டும் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிய வில்லுப்பாட்டு அதில் இருந்தது. அவர் அதற்குள் காலமாகிவிட்டார், வேறு பிரதி எங்கும் இல்லை. ஃபைல் என் கையில் இருக்கிறது, திறக்க முடியவில்லை. கடைசியில் கமிட்டிக்காரர் வீட்டிலிருந்த நைந்துபோன புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நானும் கடையில் டைப் செய்கிற அக்காவும் நான்கு ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் திரும்ப அடித்தோம்.

எழுத்துருவிலும் இதே கதைதான். அன்றைக்கு எல்லோரும் பாமினியில் அடிப்போம். அதில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினி உள்ளே வைத்துக்கொள்வதோ எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் இந்தக் குறிகள்தான் வரும், அம்மாவைத் தேடினால் கிடைக்கமாட்டாள். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யுனிகோடில் அ எந்த ஊர்க் கணினியிலும் அ. தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. நான் அப்போதே மாறியிருந்தால் அந்த வில்லுப்பாட்டைத் திரும்ப அடிக்கும் பாடு பாதியாகியிருக்கும்.

அதிலிருந்து, சாவி வேறொருவர் கையில் இருக்கிற பெட்டியில் ஊர்க்காரர்களின் எழுத்தை நான் வைப்பதில்லை.

காலையில் முதலில் திறப்பது லிப்ரே ஆபீஸ். மனு, பயோடேட்டா, ரசீது எல்லாம் அதில்தான். ஓப்பன் ஆபீஸை வளர்த்த நிறுவனம் 2010இல் கைமாறியபோது, அதில் வேலை செய்தவர்கள் பலர் வெளியே வந்து, அதே நிரலை எடுத்து லிப்ரே ஆபீஸ் என்று தொடர்ந்தார்கள். யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்கிற கட்டற்ற நிரல் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. உரிமத்தோடு ஒரு கணினியைப் பறிகொடுத்த எனக்கு இது பெரிய விஷயம். உங்கள் தேன் கணக்குக்கு அதிலுள்ள கால்க் என்கிற விரிதாள் போதும். தோட்டம், தேதி, பெட்டி எண், எடுத்த கிலோ என்று நான்கு பத்தி, ஒரு தடவை தேன் எடுத்தால் ஒரு வரி. தோட்டத்துக்கு ஒரு ஷீட் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள், வருடக் கடைசியில் கூட்ட முடியாமல் திண்டாடுவீர்கள்.

படத்துக்கு கிம்ப். ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டினால் அது பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிதான். போன வருடம் நல்ல மழையில் இரணியல் பக்கமிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அப்பா தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. போனில் ஒரு கல்யாண குரூப் போட்டோ, அதில் மூன்றாவது வரிசையில் பந்தல் கால் ஓரமாக நிற்கிறார், தோளில் யாரோ ஒருவர் கை. பாத் கருவியை எடுத்து காது, கழுத்து, காலர் என்று புள்ளி புள்ளியாக வைத்து வெட்டினேன். பிறகு தோளில் இருந்த நான்கு விரலையும் க்ளோன் கருவியால், சட்டைக் கோடு பிசகாமல் ஒவ்வொன்றாக மறைத்தேன். மூத்தவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, அந்தக் கைய விட்டுருங்க, அது எங்க சித்தப்பா கை" என்றான். வந்த வழியே அன்டூ கொடுத்துத் திரும்பினேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் கையோடுதான் போஸ்டர் அடித்தோம்.

மலர், புத்தகம் என்றால் ஸ்கிரைபஸ். பழைய 1.4 பதிப்பில் 'கொடை' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6இல் தமிழ் ஒழுங்காகச் சேருகிறது. அதில் தமிழ் வராது என்று யாராவது சொன்னால், அவர் பழைய பதிப்பைப் பார்த்தவராக இருக்கும்.

தமிழ் தட்டச்சுக்கு லினக்ஸில் ஐபஸ் போட்டு, அதோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்துவிட்டால் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் வரும். எங்கள் கடை அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், ஒரு நாள்கூடப் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. உங்கள் மகளுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் அம்மா. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் பார்க்கிற சின்ன லேசர் பிரிண்டர் ஒன்று கடையில் இருக்கிறது. லினக்ஸில் அதை ஓடவைக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன், சரிவரவில்லை. மூன்றாவது கணினியில் விண்டோஸ் இருப்பது அதற்காகத்தான். பிரிண்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு மின்டில் லேசான எக்ஸ்எஃப்சிஇ வகை. 2 ஜிபியில் ஏறும், ஆனால் இழுக்கும். இன்னொரு 2 ஜிபி ராமும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் போட்டால் சாயா ஆறாது. பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், தமிழ் எல்லாம் சரியாக வந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன்னால் போட்டோக்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

வடசேரி டிசைனர்:

அண்ணாச்சி சொல்வது மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஃபிளெக்ஸ் அடிக்கிற இடத்தில் கோரல் ஃபைல் கொண்டுவா என்கிறார்களே, இங்க்ஸ்கேப் என்கிற கட்டற்ற வரைகலை மென்பொருளில் செய்துகொண்டு போனால் யார் வாங்குவார்கள்? நமக்குப் பிடித்ததைவிட அடிக்கிறவருக்கு எது திறக்குமோ அதுதானே வேலைக்கு ஆகும்?

தக்கலை டிடிபி:

நியாயமான கேள்வி மக்கா. நானும் அதற்குத்தான் பயந்தேன். இப்போது எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கித்தான் கொடுக்கிறேன். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைப் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்தால், அவர்களிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கலையாது. நான் போகிற இரண்டு கடையிலும் முதல் தடவை முகம் சுளித்தார்கள், அச்சு சரியாக வந்ததும் விட்டுவிட்டார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை எழுத்தாகவே வைத்துக்கொள்ள மறக்காதே, இல்லையென்றால் அடுத்த வருடம் தேதியை மாற்ற முடியாது. நான்கு நிறம் பிரித்துக் கேட்கிற ஆஃப்செட் வேலைக்கு மட்டும் ஸ்கிரைபஸ் வழியாகப் போ.

களியக்காவிளை டீச்சர்:

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கஷ்டமாக இருக்குமோ என்று யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் முழுக்க லினக்ஸில்தான். என் நாத்தனார் மகள் பாறசாலையில் படிக்கிறாள், இங்க்ஸ்கேப்பில் படம் வரைவது அவளுக்குப் பாடப் புத்தகத்திலேயே வருகிறது. அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

லேபிளுக்கு மீரா இனிமை எழுத்துருவைப் பாருங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்காக வெளியிட்டது. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். சின்ன அளவிலும் ண, ன குழம்பாமல் தெரியும்.

பேச்சிப்பாறை:

போனில் என்றால் நான் ஆர்கானிக் மேப்ஸ். எங்கள் மேட்டில் சிக்னல் வந்தால் வந்தது. வரைபடத்தை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலே வழி காட்டுகிறது. அதற்கு வரைபடம் தருகிற, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் விட்டுப்போன எங்கள் தோட்டப் பாதையை நானே வரைந்து சேர்த்தேன், அடுத்த அப்டேட்டில் என் போனிலேயே வந்துவிட்டது. தேன்பெட்டி வைத்த இடங்களைக் குறித்து வைக்க அக்காவுக்கும் உதவும்.

தேன்பெட்டி (மார்த்தாண்டம் பக்கம்):

எல்லோருக்கும் நன்றி. பென்டிரைவில் ஓட்டிப் பார்த்து, ராமும் மாற்றி, போன ஞாயிறு மின்ட் நிறுவிவிட்டோம். வைஃபை உடனே வந்தது. லேபிளுக்கு நூலைப் பாட்டிலில் சுற்றி அளவெடுத்து, அதே அளவில் இங்க்ஸ்கேப்பில் பக்கம் வைத்தேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு உரிமம்) எண் வருகிற வரி மட்டும் இரண்டு தடவை வெளியே போயிற்று, இப்போது அடங்கிவிட்டது. மகள் தமிழ்99இல் தன் பெயரை அடித்துக் காட்டினாள்.

இன்னொரு கேள்வி. தாத்தா காலத்து ஆதாரம் (நிலப் பத்திரம்) ஒன்று வீட்டில் இருக்கிறது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தியது, மலையாளத்தில், கையெழுத்தில். எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தருகிற கட்டற்ற மென்பொருள் ஏதாவது இதற்கு உதவுமா?

தக்கலை டிடிபி:

டெசராக்ட் இருக்கிறது, தமிழ், மலையாளம் இரண்டுக்கும். நல்ல அச்சு என்றால் சுத்தமாக எடுத்துக் கொடுக்கும், பழைய மலர்களை நான் அதில்தான் எழுத்தாக மாற்றுகிறேன். கையெழுத்துக்கு ஆகாது அக்கா, அதை நம்பி ஆதாரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் ஒட்டு போடாதீர்கள், அப்படியே வைத்து ஸ்கேன் எடுக்கலாம். வாசிக்க ஆள்தான் வேண்டும்.

களியக்காவிளை டீச்சர்:

என் மாமியார் வாசிப்பார். அந்தக் கால மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஸ்கேன் பண்ணியதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள், அவர் வாசிக்க வாசிக்க அவள் தமிழில் அடித்துக்கொள்ளட்டும்.