பத்துப்பாத்திரம் தேய்க்கவா அமெரிக்கா போனே?

பாலக்கோடு தம்பி:

நான் முதுகலை படிக்க அமெரிக்கா போன அதே வருடம்தான் பெரியப்பா மகளும் அங்கே இளங்கலை சேர்ந்தாள். அங்கேயே பிறந்தவள், குடியுரிமை உண்டு. பல்கலைக்கழகம் அனுப்பிய உதவிக் கடிதத்தில் 'ஃபெடரல் வொர்க் ஸ்டடி, 2,500 டாலர்' என்று ஒரு வரி. பெரியப்பா அன்று இரவே பாலக்கோட்டுக்குப் போன் போட்டு, அரசாங்கமே இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் தருகிறது என்று சொல்லிவிட்டார். நாலு வீடு தாண்டுவதற்குள் அது முழு ஸ்காலர்ஷிப் ஆகிவிட்டது.

கட்டணம் கட்டும் நாளில் பில்லைப் பார்த்தால் அந்தத் தொகை கழியவே இல்லை. அலுவலகத்தில் கேட்டபோதுதான் விளங்கியது. அது தூக்கிக் கொடுக்கும் பணம் இல்லை. அந்த வருடம் அவள் வேலை செய்து எவ்வளவு வரை சம்பாதிக்கலாம் என்பதற்கான வரம்பு. வேலையையும் அவளேதான் தேட வேண்டும். செய்த மணிக்கணக்கை எழுதிக் கொடுத்தால் மாதம் ஒரு முறையாவது சம்பளம் வரும். போகாத மணிக்குக் காசு கிடையாது.

1964-இல் அமெரிக்காவில் வறுமை ஒழிப்புக்கென்று வந்த சட்டத்தில் பிறந்த திட்டம் இது. சம்பளத்தில் பெரும்பங்கு பொதுவாக மத்திய அரசுடையது என்பதால் பல்கலைக்கழகத் துறைகளும் இந்தப் பிள்ளைகளை ஆசையாக எடுத்துக்கொள்ளும். அவளுக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சம்பளத்தை அடுத்த வருட உதவிக்கான கணக்கில் அவளுடைய வருமானமாகச் சேர்க்கமாட்டார்கள். அதே காசை வெளியே கடையில் நின்று சம்பாதித்தால் அது கணக்கில் வரும்.

எனக்கு அந்தத் திட்டம் கிடையாது, மாணவர் விசாவில் போனவர்களுக்குப் பொருந்தாது. வளாகத்துக்குள் சாதாரண வேலை செய்யலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். உணவுக்கூடத்தில் தட்டு கழுவினேன். வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா, "பத்துப்பாத்திரம் தேய்க்கவாடா அவ்வளவு தூரம் போனே?" என்று ஒரே அழுகை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "சாப்பாடு அவங்களே போடறாங்களா?" வேலை நாளில் போடுவார்கள். அவருக்கு அது போதும்.

ஊத்தங்கரை அக்கா:

தம்பி, உனக்கு வேலையாவது காலேஜுக்குள்ளே கிடைத்தது. நான் பி.எஸ்சி. படித்தபோது, லேபில் கண்ணாடிச் சாமான் கழுவித் தருகிறேன், ஃபீஸில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சாரிடம் கேட்டேன். "படிக்க வந்தியா, கூலிக்கு வந்தியா?" என்றார். அதோடு சரி.

கோடை லீவில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் போனேன். பெங்களூரா ரக மாம்பழம் லோடு லோடாக வந்து இறங்கும். அழுகலைப் பொறுக்குவது, தோல் சீவுவது, தினக்கூலி. காம்பில் வடியும் பால் பட்டால் தோல் வெந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவோம், அப்படியும் விரலெல்லாம் கறுத்துப் போகும். மாம்பழ வாசனையே வயிற்றைப் புரட்டும். ஜூனில் காலேஜ் திறந்த பிறகும் பத்து நாள் மட்டம் போட்டு வேலைக்குப் போனேன், ஏனென்றால் சீசன் நமக்காகக் காத்திருக்காது. அட்டெண்டன்ஸ் குறைந்து, அதை மன்னித்துப் பரீட்சை எழுத விடுவதற்கான கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினேன். சம்பாதித்ததில் ஒரு பங்கு அதற்கே போயிற்று!

இப்போது என் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அக்கவுண்ட்டுக்கு வந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்ததற்குக் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மெஸ் பில்லுக்கு அது பத்தாது. அவள் நூலகத்தில் மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிக்க ஒரு வழி இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன்.

பர்கூர்க்காரன்:

அக்கா, நம் நாட்டிலேயே இருக்கிறது. நான் புனே பல்கலைக்கழகத்தில் படித்தபோது 'கமவா ஆணி ஷிகா' திட்டத்தில் வேலை பார்த்தேன். மராத்தியில் சம்பாதி, படி என்று அர்த்தம். மகாராஷ்டிரக் கல்வியாளர் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரில் நடக்கிறது. எனக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலை, அப்புறம் அலுவலகத்தில் ஃபைல் அடுக்கும் வேலை. பெரிய காசில்லை, மெஸ்ஸுக்கு ஆச்சு. செடிக்குத் தண்ணீர் விடும்போது என் வகுப்புப் பெண்கள் யாராவது வந்தால் மட்டும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

பாலக்கோடு தம்பி:

எங்கள் அம்மாவும் அப்படித்தான். பையன் அங்கே என்ன பண்ணுகிறான் என்று யார் கேட்டாலும் இரண்டு வருடமும் ஒரே பதில்: "காலேஜ்லயே வேலை போட்டுக் குடுத்துட்டாங்க."