பூஞ்சாணம் என்று நினைத்தது பூஞ்சாணமே இல்லை: உங்கள் வயலில் கண்டதையும் எழுதுங்கள்

கல்லல் பக்கத்து மிளகாய்க்காரர்

சென்ற புரட்டாசியில் மிளகாய் நாற்றங்காலில் நான் பட்டதை எழுதுகிறேன். படிப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பலருக்கு உதவும்.

விதைத்துப் பன்னிரண்டாம் நாள். முந்தைய இரண்டு இரவும் நல்ல மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், பாத்தியின் நடுவே ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்கு நாற்றுகள் படுத்துக் கிடந்தன. இலையில் பச்சை மாறவில்லை. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு வெந்த கீரைத்தண்டு போல நைந்து, நூலாகச் சுருங்கியிருந்தது. மறுநாள் அந்த வட்டம் முறத்தின் அளவுக்குப் பரவியது. ஈர மண்ணின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் வெள்ளை இழை.

“பூஞ்சாணம்தான், கார்பன்டசிம் ஊற்றுங்கள்” என்றார் மருந்துக்கடைக்காரர். ஊற்றினேன். இரண்டு நாள் பொறுத்து மறுபடியும் ஊற்றினேன். நான்கு பாத்திகளில் மூன்று போயின.

என் சித்தப்பா மகள் பயிர்நோயியல் படித்தவள். மிஞ்சிய பாத்தியிலிருந்து நாற்றும் மண்ணுமாக ஒரு பிடி எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அதன் மேல் புல் இலைத் துண்டுகளை மிதக்கவிட்டாள். தூண்டிலில் இரை வைப்பது போலத்தான் இது என்றாள். இரண்டாம் நாள் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய இழைகள் கிளம்பியிருந்தன. அதில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு வைத்து, நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னாள்.

பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இழை நெடுகக் குறுக்குச்சுவரே கிடையாது, ஒரே குழாய். அதில் ஓரிடம் இஞ்சிக் கிழங்கு போல முண்டுமுண்டாகப் பருத்திருந்தது. அங்கிருந்து ஒரு சிறு குழல் நீண்டு, அதன் நுனியில் சோப்புக் குமிழி போல ஒரு பை உப்பியது. உள்ளே இருந்த சரக்கு முழுதும் அந்தப் பைக்குள் வழிந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். பைக்குள் இருந்தது துண்டுதுண்டாகப் பிரிந்து, உலையில் கொதிக்கும் அரிசி போலப் புரள ஆரம்பித்தது. பை உடைந்தது. உள்ளிருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியே நீந்திப் போய்விட்டன.

“அண்ணே, இது பித்தியம். நீங்கள் நினைக்கிற பூஞ்சாணக் கூட்டத்தில் இது சேராது” என்றாள்.

பூஞ்சாணத்தின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இதன் சுவரில் செல்லுலோஸ். பையிலிருந்து நீந்திப் போனவை இதன் வித்துகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள், அதாவது நீந்த உதவும் சாட்டை போன்ற இழைகள், உண்டு. ஈரம் கிடைத்தால் வேரைத் தேடி நீந்திப் போகும். உறவு முறை பார்த்தால் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் இது பங்காளி. இந்தக் கூட்டத்துக்கு ஊமைசீட்ஸ் என்று பெயர். இழை விட்டு வளர்வதால் வெகுகாலம் பூஞ்சாணத்தோடு சேர்த்தே படித்திருக்கிறார்கள். கார்பன்டசிம் உண்மையான பூஞ்சாணத்தின் செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து. பித்தியத்தை அது ஒன்றும் செய்யாது.

எனக்கு இன்னும் வலிப்பது வேறு. விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்திருந்தேன். அது உண்மையான பூஞ்சாணம். நமக்குக் காவல் நிற்பது. நான் ஊற்றிய மருந்து அதன் மேல்தான் பாய்ந்தது.

இதே நாற்றழுகலை ரைசக்டோனியா என்ற பூஞ்சாணமும் கொண்டுவரும். அங்கே தண்டில் செம்பழுப்பாக, உலர்ந்து குழிந்த புண் தெரியும். இழையைப் பெரிதாக்கினால் கிளை ஏறக்குறைய நேர்கோணத்தில் பிரியும், பிரியும் இடத்தில் சற்று இடுங்கி, பக்கத்திலேயே குறுக்குச்சுவர் இருக்கும். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்த விதைப்பில் பாத்தியை ஒரு சாண் உயர்த்தினேன், நெருக்கமில்லாமல் விதைத்தேன், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றினேன். நாற்று நின்றது.

கானாடுகாத்தான் தென்னந்தோப்புக்காரர்

உங்கள் பித்தியத்தின் உடன்பிறப்பை நான் தென்னையில் பார்த்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு கன்றின் நடுக்குருத்து வெளிறி வாடியது. காண்டாமிருக வண்டு என்று நினைத்துக் குருத்தைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகி, நெருங்க முடியாத நாற்றம். வண்டு குடைந்த ஓட்டையோ சக்கையோ இல்லை. குருத்தழுகல் அது. காரணம் பைட்டாப்தொரா. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே பேரினம்தான். ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி 1876-இல் வைத்த இந்தப் பெயருக்குச் ‘செடியை அழிப்பது’ என்று பொருள்.

அழுகியதைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை தடவினேன். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளிதான் உதவும், இரும்பு கூடாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். முகம் பார்க்கும் அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய ஊர் இது. நல்ல சுண்ணாம்பு எது என்று எங்கள் கொத்தனாருக்கு நாக்கில் தொட்டாலே தெரியும். அவர் நீற்றிக் கொடுத்த சுண்ணாம்பில்தான் கலக்கினேன். திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இந்தக் கலவை உதவும் என்று பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்டே 1885-இல் எழுதினார். அந்த நோயும் ஊமைசீட்ஸ் வகைதான்.

பள்ளத்தூரிலிருந்து, வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்

பீர்க்கங்கொடிக்கும் இதைச் சொல்லலாம். சாம்பல் நோய் இலையின் மேல் திருநீறு தூவியது போல இருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டும். அது பூஞ்சாணம். அடிச்சாம்பலில் இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே மூலைமூலையாக மஞ்சள் கட்டங்கள் தெரியும். இலையைத் திருப்பினால் சாம்பலும் ஊதாவும் கலந்த பூப்பு. பனி உலர்வதற்குள் பார்க்க வேண்டும். பத்து மணிக்குப் போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று இரண்டு முறை திரும்பியிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து, வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

மானாவாரி நிலக்கடலை போடும் நம் செம்மண்ணில் இரண்டு சாவுகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். முளைத்த சில நாளில் செடி வாடி, மண்ணை ஒட்டிய கழுத்தில் கரித்தூள் அப்பியிருந்தால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சாணம். செடி வளர்ந்த பிறகு ஒரு கிளை மட்டும் வாடி, அடியில் வெள்ளை இழை விசிறிபோலப் படர்ந்து, அதில் கடுகு கொட்டியது போல உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. உருண்டை முதலில் வெள்ளையாக இருந்து, பிறகு கடுகின் நிறத்துக்கு மாறும். சாறு நிறைந்த புற்றுக்காளானும் இந்தக் கடுகுப் பூஞ்சாணமும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்று சொன்னால் விவசாயிகள் நம்ப மறுப்பார்கள். உண்மை அதுதான்.

பெயர் மாறுவது பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லின் செம்புள்ளி நோய்க்குக் காரணம் ஹெல்மின்தோஸ்போரியம் என்று படித்தேன். பிறகு டிரெக்ஸ்லெரா என்றார்கள், இப்போது பைபோலாரிஸ். அதே பூஞ்சாணம் பாலினப் பெருக்கம் செய்யும் நிலைக்குக் காக்லியோபோலஸ் என்று தனிப்பெயர் வேறு. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைக்கும் வழக்கத்தை 2011-இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு நீக்கியது. பழைய கையேட்டையும் புதிய கையேட்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் இளைஞர்கள் குழம்ப வேண்டாம். புள்ளி அதே புள்ளிதான்.

நெற்பழ நோயை என் அப்பத்தா ‘லட்சுமி வந்திருக்கிறாள்’ என்று கும்பிடுவார். கதிரில் மஞ்சளாக உருண்டு பிறகு கரும்பச்சையாகும் அதை ஆங்கில வழக்கில் பொய்க் கரிப்பூட்டை என்பார்கள். பொருத்தமான பெயர், ஏனென்றால் தானியத்தைக் கரித்தூளாக்கும் உண்மையான கரிப்பூட்டைப் பூஞ்சாணங்களின் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, நோயுற்ற பாகத்தைக் கழுவி வைத்து ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள்.

கல்லல் பக்கத்து மிளகாய்க்காரர்

நன்றி ஐயா. கண்மாய்க் கரைக் கொல்லையில் இன்று மாலை ஒரு கடலைச்செடியில் ஒற்றைக் கிளை மட்டும் தொங்கியிருந்தது. கடுகு எதுவும் கண்ணில் படவில்லை. வேரோடு எடுத்து, நீங்கள் சொன்னபடி பாக்ஸில் வைத்து மூடியிருக்கிறேன். விடிந்ததும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.