அப்பாவின் சீடீ 125இல் ஏறிய கறள்

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு ஓர் ஒழுங்கை தள்ளி. 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் அப்பாவின் ஹொண்டா சீடீ 125 மோட்டார் சைக்கிளை போர்ட்டிக்கோவில் நிறுத்தி, பிளாஸ்ரிக் சீலையால் இறுக்கி மூடினேன். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீட்டு முறை வந்து வாரம் 4 லீற்றர் கிடைத்தபோது அப்பா படுக்கையில். அவர் போன பிறகு அந்தச் சீலையைத் தொடவே மனம் வரவில்லை. திறக்க 14 மாதம் ஆனது.

இறுக்கி மூடியதுதான் பிழை. உள்ளே போன உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. ஹாண்டிலில் மிளகு தூவியதுபோலக் கறள். செயின் விறைத்து, மடக்கினால் மடங்கியபடியே நின்றது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கறள், பயமில்லை. டாங்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்தபோதுதான் வயிறு கலங்கியது. அடியில் கொஞ்சம் பெற்றோல், அதற்கு மேலே சுவர் முழுக்கச் செங்கல் நிறம். டாங்கி வெறுமையாகக் கிடந்தால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிரில் தகட்டில் வியர்க்கும். அங்கேதான் பிடித்திருக்கிறது.

"ஒருக்கா உதைச்சுப் பார் அண்ணா" என்றான் தம்பி. நான் விடவில்லை. அந்தத் தூள் காபரேட்டரில் பெற்றோல் பாயும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்தால் வேலை இரட்டிப்பு. காட்டிய கராஜில் டாங்கியையே மாற்றச் சொன்னார்கள். அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டு பெயின்ற் தேய்ந்த டாங்கி அது. எப்படி மாற்றுவது?

பழைய பெற்றோலை வெளியில் வைத்து வடித்தேன். சவர்க்காரத் தூள் கரைத்துக் கழுவி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். பிறகு வினாகிரி ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்து, இடையிடையே பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். வடித்தபோது கடும் பிளேன்டீ நிறத்தில் வந்தது. இரண்டாம் தடவை வெளிறியது. அப்பச்சோடாத் தண்ணீரால் அலசினால்தான் மிச்சப் புளிப்பு சாகும். அப்புறம் சுணங்கக் கூடாது. அலசிய தகடு காயும்போதே மறுபடி செம்மஞ்சள் பூக்கத் தொடங்கும். வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, உடனே எஞ்சின் ஒயில் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன்.

ஹாண்டிலுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போதும். உப்புத்தாளைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், குரோம் போய்விடும். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் இறுக்கம் விடவில்லை. பஞ்சிகாவத்தையில் புதுச் செயினும் டாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் டப்பும் வாங்கினேன்.

ஏழாவது உதையில் பிடித்தது. சத்தம் கேட்டு அம்மா குசினியில் இருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் சீற்றைத் துடைத்துவிட்டுப் போனார்.

இப்போது மூடுவது பழைய பருத்திப் பெட்ஷீற்றால். நிறுத்திவைக்கும் நாட்களில் டாங்கி நிறையப் பெற்றோல். முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் இரண்டு சிறு குழிகள் மிச்சம். ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் உரசும் இடத்துக்கு மேலே என்பதால் கிறீஸ் பூசி விட்டிருக்கிறேன்.