“80% பரம்பரை” என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 80 சதவீதமா? குடும்பத்தாருக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆலோசகர்_மீ

வணக்கம். மனச்சிதைவு நோய் (ஸ்கிஸோஃப்ரினியா), இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களின் குடும்பத்தாரிடம் பேசும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி. “ஸ்கிஸோஃப்ரினியா 80% பரம்பரை” என்று எங்கோ படித்துவிட்டு, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு 80% வந்துவிடும் என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிறார்கள். சிலர் “மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?” என்கிறார்கள். இன்னும் சிலர் நேர்மாறு: “எங்கள் வம்சத்திலேயே கிடையாது, கஞ்சாதான் காரணம், அதை விட்டுவிட்டால் மாத்திரை எதற்கு?”

இந்த மூன்றுக்கும் சரியான எண்ணோடு, பயமுறுத்தாமலும் பொய்யாக ஆறுதல் சொல்லாமலும் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள்?

---

எண்_கணக்கர்

அந்த 80 தனி ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பே அல்ல. ஒரு மக்கள்தொகையில் எல்லோரும் இந்த நோய்க்கு ஒரே அளவு ஆளாகக்கூடியவர்கள் இல்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்பதுதான் 80. இன்னொன்றும் கவனியுங்கள். இரட்டையர் இருவருக்கும் பொதுவான ஒரு சூழல் குறிப்பிட்ட மரபணு உள்ளவரை மட்டும் தாக்குகிறது என்றால், இரட்டையர் ஆய்வுக் கணக்கில் அந்தக் கூட்டு விளைவில் பெரும்பகுதி மரபணுப் பக்கமே எழுதப்பட்டுவிடும். ஆகவே 80% பரம்பரை என்றால் சூழலுக்கு மிச்சம் 20% தான் என்று கழித்துப் பார்ப்பதும் தப்பு.

டென்மார்க் இரட்டையர் பதிவேட்டில் 2018இல் வந்த ஆய்வைப் பாருங்கள். மரபுவழிப் பங்கு 79% என்று கணக்கிட்ட அதே ஆய்வில், ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 33% தான். மரபணு ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்று, ஆனாலும் மூவரில் இருவருக்கு வரவில்லை. இருகரு இரட்டையரில் அது 7%. குடும்பத்தாரிடம் நான் முதலில் எடுப்பது இந்த 33ஐத்தான். 79ஐ அவர்கள் கேட்டால் மட்டுமே விளக்குவேன்.

பெற்றோர் கணக்குக்கும் டென்மார்க் பதிவேடே உதவும். 2010இல் வெளியானது. 52 வயது வரை மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்: பெற்றோர் இருவருக்கும் இல்லாத பிள்ளைகளில் 0.86%, ஒருவருக்கு இருந்தால் 7%, இருவருக்கும் இருந்தால் 27.3%. பழைய பாடநூல்களில் ஒருவருக்கு 13%, இருவருக்கும் 46% என்று பார்த்திருப்பீர்கள். அவை சிறிய, பழைய குடும்ப ஆய்வுகளைச் சேர்த்து எடுத்த எண்கள். பதிவேட்டு எண் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது, அதனால் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஒருவருக்கு இருந்தால் “நூற்றில் 7 முதல் 13” என்று வரம்பாகச் சொல்வது நேர்மையானது.

சொல்லும் முறை: ஒரு தாளில் பத்துக்குப் பத்து, நூறு கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்தை நிழலிட்டு, இது பொதுவான நூறு பேர் என்று காட்டுங்கள். இன்னொரு நூறு கட்டம் போட்டு, இது பெற்றோரில் ஒருவருக்கு நோய் உள்ள நூறு பேர் என்று பத்துக் கட்டத்தை நிழலிடுங்கள். வெள்ளையாக இருக்கும் தொண்ணூறையும் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். “எட்டு மடங்கு, பத்து மடங்கு” என்று வாயெடுத்தால் காரியம் கெட்டது. கேட்டவர் மனதில் மடங்கு மட்டும்தான் நிற்கும், அடிப்படை எண் நிற்காது.

வயதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 15க்கும் 35க்கும் இடையில் தொடங்கும் நோய் இது. அறிகுறியே இல்லாமல் 40ஐத் தாண்டிய மகனுக்கு அந்த ஆபத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. கல்யாணம் பேசும் வீடுகளில் இந்த ஒரு தகவலே போதுமானதாக இருக்கும்.

இவையெல்லாம் சராசரி. ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேருக்கு இருந்தாலோ, அடுத்துச் சொல்லப்போகும் குரோமோசோம் இழப்பு இருந்தாலோ இந்த எண்களைப் பயன்படுத்தாதீர்கள்.

---

குரோமோசோம்_22

மேலே சொன்னவரோடு முழு உடன்பாடு. மரபணு டெஸ்ட் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஸ்கிஸோஃப்ரினியா மரபணு என்று ஒன்று கிடையாது. 2022இல் வந்த பெரிய மரபணுத்தொகை ஆய்வு 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சமே நகர்த்தும். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போடலாம். ஆனால் அது நோய்க்கு ஆளாகும் தன்மையில் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்குவதில்லை. தவிர, மாதிரிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறு வம்சாவளியினரிடம் அந்த மதிப்பெண்ணின் துல்லியம் இன்னும் சரியும். எச்சிலை அனுப்பி வாங்கும் ரிப்போர்ட்டில் “அதிக ஆபத்து” என்று இருந்தாலும் “குறைவு” என்று இருந்தாலும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

டெஸ்ட் உண்மையிலேயே பயன்படும் இடம் வேறு. 22ஆம் குரோமோசோமில் 11.2 என்ற சிறு பகுதியை இழந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பெரியவரானபின் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் என்று நிஜத்தோடு தொடர்பு அறும் நிலை) வருகிறது. மனச்சிதைவு நோயாளிகளில் இவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, ஆனால் கண்டுபிடித்தால் சிகிச்சையே மாறும். கேட்க வேண்டியவை: பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு, மூக்கால் பேசும் குரல், குழந்தையில் அடிக்கடி நோய்த்தொற்று, கற்றல் குறைபாடு, வலிப்பு, ரத்தத்தில் கால்சியம் குறைவு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் குரோமோசோம் மைக்ரோஅரே (சிறு இழப்புகளையும் காட்டும் பரிசோதனை) கேளுங்கள். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரண காரியோடைப் போதாது, இவ்வளவு சிறிய இழப்பு அதில் தெரியாமல் போய்விடும்.

ஏன் முக்கியம் என்றால், இவர்களுக்குக் கால்சியம் இறங்கினால் வலிப்பு வரும், பதற்றமும் கூடும். குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுக்கும்போது வலிப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சரிபார்த்து, மாத்திரையை மெதுவாக ஏற்ற வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இழப்பு புதிதாக ஏற்பட்டது, பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. ஆனால் அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தும் வாய்ப்பு 50%. மரபியல் ஆலோசனை இல்லாமல் இந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

“எங்கள் வம்சத்தில் கிடையாது” என்பவர்களுக்கு: மனச்சிதைவு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு நெருங்கிய உறவில் யாருக்கும் இந்த நோய் இருக்காது. குடும்பத்தில் இல்லை என்பது மரபணுப் பங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

---

வார்டு_குறிப்பு

கஞ்சா பற்றி. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள்.

ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. தினமும் புகைப்பவர்களுக்கு வாய்ப்பு விகிதம் (எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்பது) 3.2. டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு 4.8. அளவு கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்பதை 1987இலேயே சுவீடன் ராணுவச் சேர்க்கை ஆய்வு காட்டிவிட்டது: ஐம்பது தடவைக்கு மேல் எடுத்ததாகச் சொன்னவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு வரும் ஆபத்து ஆறு மடங்கு. மரபணுச் சாய்வு உள்ளவர்களே கஞ்சாவை நாடும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம் என்பதால் இந்த மடங்கு முழுவதும் கஞ்சாவின் வேலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆரோக்கியமானவருக்கு டிஎச்சியை ரத்த நாளத்தில் செலுத்தினாலே தற்காலிகச் சந்தேகமும் பிரமையும் வருகிறது என்பது சோதனையில் தெரிந்த விஷயம்.

“கஞ்சா குடிக்கிறானா?” என்று கேட்டு “ஆமாம்” என்று எழுதுவது வீண். கேட்க வேண்டியது: எந்த வயதில் தொடங்கினார், வாரத்தில் எத்தனை நாள், இலையா பிசினா எண்ணெயா, கடைசியாக எப்போது, புகைக்கத் தொடங்கும் முன்பே தனிமையும் சந்தேகமும் இருந்ததா. கடைசிக் கேள்விக்குப் பதில் அம்மாவிடமோ அக்காவிடமோதான் கிடைக்கும், நோயாளியிடம் அல்ல. சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி ஏமாறாதீர்கள். தினமும் எடுத்தவருக்கு நிறுத்திய பிறகும் மூன்று நான்கு வாரம் பாசிட்டிவ் காட்டலாம். செயற்கைக் கஞ்சா என்று விற்கும் ரசாயனங்களோ வழக்கமான பட்டைச் சோதனையில் தெரியவே தெரியாது.

“விட்டுவிட்டால் சரியாகிவிடும்” என்பதற்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். போதையால் வந்த சைக்கோசிஸ் என்று பதிவானவர்களை டென்மார்க்கில் இருபது ஆண்டு பின்தொடர்ந்ததில், கஞ்சாவால் வந்தவர்களில் 47% பேர் பிறகு மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறுக்கு மாறினார்கள். மனச்சிதைவுக்கு மாறியவர்களில் பாதிப்பேர் மாறியது முதல் மூன்று ஆண்டுக்குள். ஆகவே நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் குரல் கேட்பது போகவில்லை என்றால் போதை மட்டும் காரணம் என்ற எண்ணத்தை விட வேண்டும். போய்விட்டால்கூட இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும், வீட்டில் முடிவெடுக்க வேண்டாம்.

---

ஆலோசகர்_மீ

மூவருக்கும் நன்றி. நூறு கட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. “கர்ப்பத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது, பிரசவமும் சிக்கல், என்னால்தான்” என்று அழும் அம்மாக்களுக்கு என்ன சொல்வது? 14, 15 வயதில் தம்பி தங்கை இருந்தால் எதைக் கவனிக்கச் சொல்வது?

---

எண்_கணக்கர்

அம்மாவுக்கு: பிரசவச் சிக்கல்கள் ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும், அவ்வளவே. நூற்றில் ஒன்று நூற்றில் இரண்டாகிறது. 1944-45இல் நெதர்லாந்தில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடமும் கிட்டத்தட்ட அதே இரண்டு மடங்குதான் தெரிந்தது. நாட்டின் மேற்குப் பகுதியையே பட்டினி போட்ட பஞ்சத்துக்கே அவ்வளவுதான். ஒரு காய்ச்சலைக் காட்டி “இதனால்தான் வந்தது” என்று தனி ஒருவர் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது.

வளர்ப்பைப் பற்றியும் கேட்பார்கள். 1940களில் தாயின் வளர்ப்பே நோயை உண்டாக்குகிறது என்ற கருத்து பரவி, பல அம்மாக்களை வதைத்தது. 1966இல் வந்த தத்து ஆய்வு அதை அசைத்தது: நோயுள்ள தாய்க்குப் பிறந்து, சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. ஒப்பீட்டுக் குழுவின் 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அதே சமயம் குழந்தைப் பருவத்தில் அடி, பாலியல் வன்முறை, பள்ளியில் தொடர் கேலி இவை ஆபத்தைக் கூட்டுகின்றன. 2012 தொகுப்பாய்வில் வாய்ப்பு விகிதம் 2.78. அப்படி ஏதும் நடந்ததாகத் தெரிந்தால் “வளர்ப்புக்குச் சம்பந்தமே இல்லை” என்று பூசி மெழுகாமல், அதற்கும் உரிய சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

---

வார்டு_குறிப்பு

தம்பி தங்கைக்கு: சில வாரம் தொடரும் மாற்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கோபத்தை அல்ல. தூக்கம் தலைகீழாவது, மதிப்பெண் சட்டென்று சரிவது, நண்பர்களை அடியோடு விடுவது, குளிக்காமல் இருப்பது. இவை மனச்சோர்விலும் வரும். இவற்றோடு “டிவியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் போல இருக்கிறது”, “யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி” என்று பாதிச் சந்தேகத்தோடு சொல்லத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் அழைத்து வாருங்கள். இந்த நிலையில் உதவி தேடி வருபவர்களில் மூன்றாண்டுக்குள் முழுச் சைக்கோசிஸுக்குப் போவது நாலைந்து பேரில் ஒருவர். அதனால் தடுப்பு என்ற பெயரில் ஆன்டிசைக்கோட்டிக் (சைக்கோசிஸுக்கான மருந்து) தொடங்குவதைப் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு வேண்டாம் என்கிறது. எண்ணம் நடத்தை சார்ந்த பேச்சுச் சிகிச்சை, கஞ்சா அறவே கூடாது என்ற தெளிவு, தூக்க ஒழுங்கு, மாதாமாதம் ஒரு பார்வை. வீட்டில் உளவு பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால் பிள்ளை வாயையே மூடிக்கொள்வான், அதையும் எச்சரியுங்கள்.

வேகமாக, ஓரிரு வாரத்துக்குள், குழப்பம் முற்றி, கூடவே வலிப்பு, வாய் முகம் கோணும் அசைவு, காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறி இறங்குதல் என்று வந்தால் அது மனநல வார்டுக்கான கேஸ் மட்டும் அல்ல. என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சியாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய்) இருக்கலாம், இளம்பெண்களிடம் அதிகம். அன்றே நரம்பியல் பிரிவு பார்க்க வேண்டும்.

---

குரோமோசோம்_22

ஒன்று விட்டுப்போயிற்று. மகளுக்கு இருமுனைக் கோளாறு இருந்து கர்ப்பமானால் பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸைப் பற்றி முன்பே பேசுங்கள். பொதுவாக ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு, இவர்களுக்கோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்குப் பின் வந்திருந்தால் இன்னும் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும், முதல் அறிகுறி தூக்கமே இல்லாமல் போவது. குழந்தை விழித்திருப்பதால் அல்ல, குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து லித்தியத்தையோ மற்ற மனநிலை மருந்தையோ தாமாக நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. ஆனால் வால்ப்ரோயேட் என்ற மருந்து குறிப்பாகக் கருவுக்குக் கெடுதல் என்பதால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏழாவது எட்டாவது மாதத்துக்குள், இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, எந்த அறிகுறிக்கு யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி, கணவர் கையிலும் மகப்பேறு மருத்துவர் கோப்பிலும் ஒவ்வொரு பிரதி வைத்துவிடுங்கள்.