கலைச்சொல் தேவை: 'பெயில் அவுட்' (வெள்ளிக்குள், அவசரம்)

செ. எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கல்லூரிப் பொருளியல் நூல் ஒன்றின் கடைசி இயலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நொடிக்கும் (திவாலாகும்) நிலையிலுள்ள பெருந்தொழில் நிறுவனங்களுக்கு அரசு பணம் போட வேண்டுமா என்பதுதான் இயலின் கேள்வி. எடுத்துக்காட்டு அமெரிக்கக் கார் தொழில். 2008 டிசம்பரில் அதிபர் புஷ் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் சேர்த்து 1,740 கோடி டாலர் கடன் அறிவித்ததில் தொடங்கி, 2013 டிசம்பரில் கருவூலம் ஜெனரல் மோட்டார்ஸின் கடைசிப் பங்கை விற்றது வரை போகிறது. இப்படிப் பணம் போட்டுக் காப்பாற்றுவதைக் குறிக்கும் 'பெயில் அவுட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

'மீட்பு' என்று போட்டுக்கொண்டே வந்தேன். 2010இல் இடித்தது. கருவூலத்திடம் இருந்த முன்னுரிமைப் பங்குகளை நிறுவனம் அந்த ஆண்டு 210 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. வணிகவியலில் அதற்கும் மீட்பு என்றுதானே பெயர்? ஒரே பத்தியில் அரசு நிறுவனத்தை மீட்கிறது, நிறுவனம் அரசிடமிருந்து பங்கை மீட்கிறது. மாணவர் எதை யார் மீட்டார் என்று விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கை கொடுங்கள்.

புலவர் க.வே.:

மீட்பு பொருந்தாது. தன்னுடையதாய் இருந்து கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவதே மீட்பு. நகையை மீட்கலாம், நிலத்தை மீட்கலாம். கார் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு எப்போது உரிமையாய் இருந்தது?

என் பரிந்துரை: உய்விப்பு. உய் தன்வினை, உய்வி பிறவினை. "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்பது எல்லோரும் அறிந்த குறள் (110). ஒரு நிறுவனம் தானாகப் பிழைத்தால் உய்வு, பிறர் பிழைக்க வைத்தால் உய்விப்பு. இந்த வேறுபாட்டை ஆங்கிலம் இரண்டு தனிச்சொல் வைத்துச் சொல்கிறது. நமக்கு ஒரு விகுதி போதும்.

ம.:

புலவர் ஐயா, எங்கள் செய்திப் பிரிவில் 'உய்விப்பு' என்று தலைப்பு வைத்தால் மெய்ப்புப் பார்ப்பவர் அதை 'உயிர்ப்பிப்பு' என்று திருத்திவிட்டுப் போய்விடுவார். வாசகர்கள் 'பெயில் அவுட்' என்றே பேசுகிறார்கள், தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் என்ன? பஸ்ஸும் பேங்க்கும் போன வழியில் இதுவும் போகட்டும்.

புலவர் க.வே.:

பேருந்து, வங்கி என்று எழுதியவர்களையும் அன்று இப்படித்தான் கேலி செய்தார்கள், அம்மா. உங்கள் தாளிலேயே இன்று அவை வருகின்றன.

சி.ப., யாழ்ப்பாணம்:

இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமோ? எங்கட பக்கம் 'பிணையெடுப்பு' என்று எழுதிப் பழகிவிட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்த நேரமும் அந்தச் சொல் அடிபட்டது. ஆளைப் பிணையில் எடுப்பதுபோலத்தான் நாட்டை எடுப்பதும், கம்பனியை எடுப்பதும். புழக்கத்தில் உள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதிதாய் ஒன்றைச் செதுக்குவது ஏன்?

தி.ந.:

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் ஒரு வார்த்தை. சி.ப. அவர்களே, பிணை என்றால் கையெழுத்து, பணம் இல்லை. மருமகன் கடன் வாங்க மாமா ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார் என்று வையுங்கள். மருமகன் ஒழுங்காகக் கட்டினால் மாமா கையிலிருந்து ஒரு காசு போகாது.

கிரைஸ்லரின் முதல் கதை சரியாக இதுதான். 1979 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் 150 கோடி டாலர் வரைக்கும் கடன் உத்தரவாதம் தரச் சட்டம் போட்டது, அடுத்த மாதம் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். கடன் கொடுத்தவர்கள் வெளியார், அரசு பின்னால் நின்றது. கிரைஸ்லர் தலைவர் அயகோக்கா 1983இலேயே கடனை அடைத்துவிட்டார். உத்தரவாதத்துக்கு ஈடாக வாங்கி வைத்திருந்த பங்கு உரிமைகளை விற்றதில் அரசுக்கு 30 கோடி டாலருக்கு மேல் வரவும் வந்தது. அதைப் பிணையெடுப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

2009இல் நடந்தது வேறு. ஜெனரல் மோட்டார்ஸில் அரசு போட்டது 4,950 கோடி டாலர், ரொக்கம். புதிய நிறுவனத்தில் கிட்டத்தட்ட 61 விழுக்காட்டுப் பங்கு அரசின் கைக்கு வந்தது. மாமா கையெழுத்துப் போடவில்லை, கடையையே வாங்கிவிட்டார். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பாடமே கெட்டுப்போகும். ஆங்கிலத்தில் கெட்டுத்தான் கிடக்கிறது.

புலவர் க.வே.:

பிணை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேர் பிண். பிணைதல், பிணைத்தல், பிணக்கு எல்லாம் ஒரு குடும்பம். உடலைப் பற்றிக் கட்டுவது பிணி. பிணமும் அவ்வழிதான் என்பது என் துணிபு. இன்னொரு பிணை பெண்மான். "பிணையேர் மடநோக்கும் நாணும் உடையாட்கு" (1089). மான்பிணைக்கும் கட்டும் பிணைக்கும் உறவு உண்டா என்று நெடுங்காலமாய்த் தேடுகிறேன். ஆண்மானாகிய கலையோடு பிணைந்து திரிவதால்...

ம.:

பிணமும் பிணையும் ஒரே வேர் என்றால் செத்த நிறுவனத்துக்குப் பிணையெடுப்பு பொருத்தம்தான் ஐயா.

மட்டுறுத்துநர்:

மானைத் தனி இழையில் மேய விடலாம். செ.வுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

வி.:

நான் பொறியாளன், இலக்கணம் தெரியாது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு மூலம் சொல்வார்கள். ஒன்று நீதிமன்றப் பிணை. இன்னொன்று ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைத்து வெளியே ஊற்றுவது. தொழில் நிறுவனத்துக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே பேச்சு இருக்கிறதே: கடனில் முழுகியவனைக் கரையேற்றினான் என்போம். 'கரையேற்றம்' என்று வைத்தால் விளக்கம் கேட்காமலே புரியும்.

புலவர் க.வே.:

வி. தம்பி தெரியாமலே ஒரு புதையலைத் தொட்டுவிட்டார். ஏற்றம் என்றால் என்ன? கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவி! ஏற்றம் இறைத்தல், ஏற்றப் பாட்டு என்கிறோம். ஆங்கிலேயன் வாளியால் படகு நீரை இறைத்தான், நாம் ஏற்றத்தால் கிணற்று நீரை இறைத்தோம். இரு மொழியும் தண்ணீரில் வந்து கூடுகின்றன. ஏறு, ஏற்று, ஏற்றம்...

ஆனாலும் ஒரு குறை. ஏற்றம் ஏறுவதையும் குறிக்கும், ஏற்றுவதையும் குறிக்கும். விலையேற்றம் என்னும்போது விலை ஏறியதா, ஏற்றினார்களா? கரையேற்றத்தைத் தானே கரையேறியது என்று படித்தால் அரசின் பங்கு மறைந்துவிடும். உய்விப்பில் இந்த மயக்கம் இல்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

செ.:

எல்லோருக்கும் நன்றி. மொழிபெயர்க்கும்போது எனக்குப் பெரிய தொல்லை செயப்படுபொருள். அரசு யாரை, எதைக் கரையேற்றியது? 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நொடிப்பு நீதிமன்றத்துக்குப் போனது. நல்ல ஆலைகளும் விற்பனைப் பெயர்களும் புதிய நிறுவனத்துக்கு மாறின. வேண்டாதவை பழைய நிறுவனத்தோடு விடப்பட்டு, அது பெயர் மாற்றிக் கலைப்புக்குப் போனது. பழைய பங்குதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடன்பத்திரக்காரர்களுக்குப் புதிய நிறுவனத்தில் 10 விழுக்காடு, ஓய்வு பெற்ற தொழிலாளரின் மருத்துவச் செலவுக்கான அறக்கட்டளைக்கு 17.5 விழுக்காடு. அப்படியானால் 'நிறுவனத்தைக் காப்பாற்றியது' என்று இரண்டாம் வேற்றுமை போட்டு எழுதுவதே பாதிப் பொய்யாகிவிடுகிறது. காப்பாற்றப்பட்டவை ஆலை, வேலை, பெயர்ப்பலகை. உரிமையாளர் முழுகிவிட்டார்.

இன்னொன்று. இயலின் கேள்வியே 'வேண்டுமா, வேண்டாமா'. உய்விப்பு, மீட்பு, கடைத்தேற்றம் எல்லாம் புண்ணியச் சொற்கள். வேண்டாம் என்று வாதாட வரும் மாணவர் 'உய்விக்கக் கூடாது' என்று எழுத வேண்டிவரும், படிக்கும்போதே ஏதோ பாவம் செய்ததுபோல இருக்கும்.

ம.:

இது நல்ல கேள்வி. ஆனால் நான் 'வேண்டும்' கட்சி, அதனால் புண்ணியச் சொல் எனக்குச் சம்மதம்! ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அது அரசின் அவசர நிதியை வாங்கவில்லை. ஆனாலும் அதன் தலைவர் முலாலி போட்டியாளர்களுக்கு உதவச் சொல்லி வாஷிங்டனில் பேசினார். அன்பினால் இல்லை. மூன்று நிறுவனங்களுக்கும் உதிரிபாகம் செய்து தருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே நாளில் கதவைச் சாத்தினால் அவர்கள் விழுவார்கள், பின்னாலேயே ஃபோர்டின் ஆலையும் நிற்கும். 2008 செப்டம்பரில் லேமன் என்ற முதலீட்டு வங்கியை அரசு கைவிட்ட பிறகு, திவாலில் இருக்கும் நிறுவனத்தை ஓட்டக் கடன் தரத் தனியார் எவரும் முன்வராத நேரம் அது. அரசு இல்லாவிட்டால் ஒழுங்கான நொடிப்புக்கே வழியில்லை.

தி.ந.:

அம்மா, கணக்கையும் சொல்லிவிடுங்கள். போட்டது 4,950 கோடி டாலர், திரும்பியது 3,900 கோடி அளவுக்கு. மிச்சத்தை வரி கட்டியவன் சுமந்தான். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறான் என்ற நினைப்பு. உத்தரவாதம் இருக்கிறதென்று தெரிந்த கடனாளி எப்படி நடந்துகொள்வான் என்பதைக் கிளை மேலாளர் எவரைக் கேட்டாலும் சொல்வார். 2008 நவம்பரில் மூன்று கார் நிறுவனத் தலைவர்களும் உதவி கேட்டு வாஷிங்டனுக்குத் தனி விமானத்தில் வந்து இறங்கி வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும். என் வோட்டு 'கைதூக்கல்'. கொஞ்சம் இளப்பமும் அதில் கலந்திருக்கிறது, இருக்கட்டும்.

வி.:

'கைதூக்கல்' என்றால் தேர்வறையில் கையைத் தூக்குவது என்று எடுத்துக்கொள்வார்கள், ஐயா.

சி.ப., யாழ்ப்பாணம்:

"உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு" என்று குறள் (788) இருக்கும்போது 'இடுக்கண் களைவு' என்றே வைக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு யோசித்தால் அந்தக் கை பற்றுச்சீட்டு எழுதி வாங்குவதில்லை, 61 வீதப் பங்கும் கேட்பதில்லை. விட்டுவிட்டேன். பிணையெடுப்பில் நிற்கிறேன்.

மட்டுறுத்துநர்:

மூன்று சொல் மிஞ்சியிருக்கின்றன: உய்விப்பு, பிணையெடுப்பு, கரையேற்றம். விருப்பம் உள்ளவர்கள் ஒரு வரி எழுதுங்கள். 'நொடித்த' நிறுவனமா, 'நலிந்த' நிறுவனமா என்ற கேள்வியை யாரும் இப்போது தொடங்க வேண்டாம்.

தி.ந.:

தொடங்காமல் எப்படி? இந்தியாவில் முன்பிருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி நலிந்த தொழிலகம் வேறு, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நொடிப்பு வேறு. நலிந்தது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகம் ஏற்றுக்கொண்ட ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆண்டுக்கணக்கில் மூச்சு விடும்.

செ.:

அச்சகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதால் முடிவெடுத்தேன். 1979 கிரைஸ்லருக்குக் 'கடன் உத்தரவாதம்'. 2009 பகுதி முழுவதும் 'கரையேற்றம்', அரசு கொடுத்த தொகைக்கு மட்டும் 'கரையேற்ற நிதி'. வினையாக வரும் இடங்களில் 'கைதூக்கிவிட' என்றே எழுதியிருக்கிறேன், அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எனக்கு வந்த தனிமடல்களிலும் கரையேற்றத்துக்கே ஆதரவு கூடுதல், பாதிப்பேர் "ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள்" என்றுதான் எழுதியிருந்தார்கள். சொல்லடைவில் பிணையெடுப்பு, உய்விப்பு இரண்டையும் மாற்றுச் சொற்களாகச் சேர்த்துவிட்டேன்.

தி.ந.:

நல்லது. ஆனால் அந்த இயலில் ஏர் இந்தியாவும் வருமானால் என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2012இல் அரசு அதற்கு 30,000 கோடி ரூபாய் மூலதனத் திட்டம் போட்டது. 2022 ஜனவரியில் டாடாவிடம் போனபோது ஏலத் தொகை 18,000 கோடி, அதிலும் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வதாகத்தான், அரசின் கைக்கு ரொக்கமாய் 2,700 கோடி. இதற்கும் 'கரையேற்றம்' என்றா எழுதுவீர்கள்? ஏறியபின் வைக்க வேண்டிய பெயரை ஏற்றும்போதே வைத்துவிட்டீர்கள்.

புலவர் க.வே.:

அதனால்தான் உய்விப்பு என்றேன்.

ம.:

ஐயா, உய்விப்பிலும் அதே சிக்கல்தானே?

புலவர் க.வே.:

இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன். 'விப்பு' ஈறு முயற்சியைக் குறிக்குமா, முடிவைக் குறிக்குமா என்று உரையாசிரியர்களைப் பார்க்க வேண்டும்.