வீட்டுக்கு வீடு வருமான சர்வே – உங்க அனுபவத்த சொல்லுங்க

பத்தாங்காரி:
வணக்கம் மக்களே. மலேசியாவுல சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் எஸ்டேட் லயன்லயும் (தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடுங்க), லயன விட்டு வெளியானவங்க இருக்குற மலிவு வீடுங்கள்லயும் கொஞ்ச காலம் சர்வே எடுக்குற தற்காலிக வேலை பாத்தேன். புள்ளிவிவரத் துறையோட குடும்ப வருமானம், செலவு, வேலை பத்தின சர்வேதான். கதவத் திறந்ததும் வர்ற மொத கேள்வி "ஏம்மா, உதவி ஏதும் குடுக்கப் போறாங்களா?" நேரடியா ஒண்ணும் இல்லக்கான்னு சொன்னா பாதிப் பேருக்கு முகம் வாடிரும். அப்பவும் நின்னு கெஞ்சி கேட்டுத்தான் எழுதுனேன், ஏன்னா பேப்பர்ல வர்ற வறுமை சதவீதம் எல்லாமே அந்த வாசல்ல நாம எப்படி கேட்டோம்ங்கறதுல இருந்துதான் வருது.

ஒரு வீடு சொல்றேன். மூணு ரூம், ஒரு பாட்டி, கல்யாணமான ரெண்டு மகனுங்க, பேரப்புள்ளைங்க. "எல்லாரும் ஒண்ணாதாம்மா இருக்கோம்"னு பாட்டி சொல்லிட்டாங்க. குசினிய எட்டிப் பாத்தா ரெண்டு அடுப்பு, அரிசி பக்கெட் ரெண்டு, அலமாரில இருக்குற சார்டின் டின்னுல கூட யாருதுன்னு பேனாவால எழுதி வச்சிருக்கு. சர்வேல ஒரே குடும்பம்னா ஒரே கூரை மட்டும் பத்தாது, சாப்பாட்டுச் செலவும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுன்னு போட்டா பெரிய மகனோட லோரி சம்பளம் சேந்து எல்லாரும் நல்லா இருக்குற மாதிரி தெரியும், ரெண்டா போட்டாத்தான் செம்பனைக் குலை வெட்டுற சின்ன மகன் புள்ளைங்களையும் பாட்டியையும் வச்சிக்கிட்டு ஒத்த சம்பளத்துல திணறுறது தெரியும். ரெண்டு மருமகளையும் தனித்தனியா உக்கார வச்சி கேட்டு ரெண்டாத்தான் போட்டேன்.

வறுமைக் கோடும், அதாவது மாச வருமானம் இதுக்குக் கீழ போனா ஏழைன்னு வைக்குற அளவும், எல்லாருக்கும் ஒண்ணு இல்ல, எத்தனை பேரு, என்ன வயசு, எந்த எடம்னு பாத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியா போடுறாங்க, பேப்பர்ல வர்றது சராசரி. 2016ல அந்த சராசரி 980 வெள்ளி (ரிங்கிட்), அத வச்சி நாட்டுல வறுமை வெறும் 0.4 சதவீதம்னு சொன்னாங்க. 2019 ஆகஸ்ட்ல ஐநா நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பாத்துட்டு இந்தக் கணக்கு நெசத்துக்கு ஒத்து வரலன்னு வெளிப்படையா சொன்னாரு. 2020ல புது முறைப்படி கோட்ட 2,208 வெள்ளின்னு அறிவிச்சாங்க, அந்த முறையில பழச திருப்பிப் போட்டா 2016க்கே 7.6 சதவீதம், 2019க்கு 5.6. அதே வீடுங்க, அதே சம்பளம். இத படிச்சப்ப எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சி, அத்தன குடும்பமும் அதுவரைக்கும் ஏழைன்னு கணக்குலயே இல்ல.

வேலைக் கேள்விலயும் இதே பாடுதான். "வேல செய்றீங்களாக்கா?"ன்னு கேட்டா "இல்லம்மா, சும்மா வீட்லதான்"னு பதில் வரும், பின்னால பாத்தா கிரைண்டர் ஓடுது, தோசை மாவு பாக்கெட் கட்டி வரிசையா இருக்கு. போன வாரம் காசுக்கு ஒரு மணி நேரம் செஞ்சிருந்தா கூட அவங்க வேலையில உள்ளவங்கதான். அதனால "போன வாரம் ஏதாச்சும் வித்தீங்களா, தச்சீங்களா, யாரு புள்ளையவாவது பாத்துக்கிட்டீங்களா"ன்னு ஒவ்வொண்ணா கேக்கணும். ரப்பர் மரத்துல பால் வெட்டுற அண்ணன் வாரம் பூரா மழையில மரத்துப் பக்கமே போகலன்னாலும் திரும்பிப் போக வேல இருக்குறதால அவரும் வேலையில உள்ளவர்தான். அப்ப வேலையில்லாதவங்க சதவீதம் கொறைவா இருக்குன்னா கஷ்டம் இல்லன்னு அர்த்தம் இல்ல, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் கம்மியா வேல கெடச்சி இன்னும் வேணும்னு காத்திருக்குறவங்க கணக்கையும் சேத்துப் பாருங்க.

செம்பனை மகன்:
அக்கா, எங்க வீட்டுக்கும் வந்தாங்க. எஸ்டேட் குடுத்த வீட்டுக்கு வாடகை இல்லன்னு அப்பா சொன்னாரு, அந்த வாடகைய கூட வருமானமா மதிப்புப் போட்டு எழுதிக்கிட்டாங்க. கணக்குப்படி சரிதான், கைக்கு வராட்டியும் அது ஒரு சம்பாத்தியம்தான். ஆனா அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்ட காலி பண்ணணும், அப்ப சம்பளமும் போயி அந்த "வருமானமும்" போயிரும். அன்னிக்கு எங்க நெலம என்னன்னு இந்த வருசத்து சர்வேல தெரியாது, அதே குடும்பத்த வருசா வருசம் போய் பாத்தாத்தான் தெரியும்.

கோல சிலாங்கூர் டீச்சர்:
எங்க அம்மாவுக்கு செலவு எழுதுற புக்கு குடுத்தாங்க, ஒரு மாசம் தெனமும் எழுதணும். கடையில கடன் வாங்குன கருவாடு வரைக்கும் விடாம எழுதுனாங்க. ஒண்ணு மட்டும் சொல்லணும், எங்க லயனுக்கு எதிர்த்தாப்ல பங்களாதேஷ், இந்தோனேசியா தம்பிங்க ஹாஸ்டல் இருக்கு, அங்க யாரும் போகல. கேட்டா வருமான சர்வே குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குத்தான்னாங்க. இன்னிக்கு குலை வெட்டுறதுல பாதிக்கு மேல அவங்கதான் எங்க எஸ்டேட்ல.

பத்தாங்காரி:
உண்மை டீச்சர், ஹாஸ்டல் எங்க லிஸ்ட்லயே இருக்காது. தம்பி, கோலாலம்பூர்ல இருக்குற அண்ணன் அனுப்புற காச அப்பா சொன்னாரா? அதையும் தனியா கேப்பாங்க, நெறைய வீட்ல விட்டுப் போறது அதுதான். மத்தவங்களும் எழுதுங்க, குறிப்பா சுங்கை சிப்புட், பாகாவ் பக்கம் உள்ளவங்க.