கம்பெனி கலைந்த பிறகு வரும் விபத்து வழக்குகள்: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து:

என் சித்தப்பா, இங்கே கணபதி என்ற பகுதியில் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை பார்த்தார். பெயர்ப் பலகையில் பிரைவேட் லிமிடெட் என்று இருக்கும். ஆள் பத்துக்கும் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரி பில்லை முதலாளி கட்டிவிட்டு, இழப்பீட்டுக்கு மட்டும் "கொஞ்சம் பொறுங்க, பாத்து செட்டில் பண்றேன்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, "கம்பெனியே இல்லை, யார் மேல கேஸ் போடுவீங்க?" என்றார். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் பார்த்தால் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது பதிவிலிருந்து கம்பெனிப் பெயர் நீக்கம், ஆகியிருந்தது. அதே மெஷின்கள் வேறு பெயரில் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. சித்தப்பா மனம் விட்டுவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா நல்லவர். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 248-ஐ எடுத்துக் காட்டினார். பதிவிலிருந்து பெயர் போனாலும் இயக்குநர்களின் பொறுப்பும் பங்குதாரர்களின் பொறுப்பும் கம்பெனி கலையாதது போலவே தொடரும், சொத்துகளைக் கொண்டு கடனைத் தீர்த்தாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிரிவு 252 இன்னும் தெளிவு. பாதிக்கப்பட்ட தொழிலாளியே 20 ஆண்டுக்குள் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, கம்பெனியைத் திரும்பப் பதிவில் ஏற்றச் சொல்லலாம். சென்னை அமர்வில் மனு போட்டோம். நோட்டீஸ் போனதுமே முதலாளி பேச்சுவார்த்தைக்கு வந்தார், பணமும் தந்தார். ஆனால் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு அப்போதிருந்த 1923 சட்டப்படி இரண்டே ஆண்டுதான் கெடு. பொறுங்க, பொறுங்க என்று அவர் சொன்னதெல்லாம் எதற்கு என்று அப்புறம்தான் புரிந்தது. தயவுசெய்து யாரும் காத்திருக்காதீர்கள்.

கலிபோர்னியாவிலிருந்து:

நான் மறுபக்கம் நின்றவன். நண்பர்கள் சேர்ந்து வீடு புதுப்பிக்கும் கார்ப்பரேஷன் ஒன்று நடத்தி, முறைப்படி கலைத்து, மீதிப் பணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நாங்கள் கட்டிய ஒரு மரத்தளத்தின் கைப்பிடி உடைந்து ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கலைத்த பின் நடந்த விபத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்டோம். இங்கே அது 1991-லேயே முடிந்த கேள்வி. பெனாஸ்கிடோஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், கலைப்புக்குப் பின் ஏற்படும் பாதிப்புக்கும் கலைந்த கார்ப்பரேஷன் மேல் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. பங்குதாரர் மேல் வந்தால், கலைத்தபோது அவர் கைக்கு வந்த தொகைக்கு மேல் கேட்க முடியாது. கலைத்து நான்கு ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்கவும் வேண்டும். எங்கள் பழைய இன்சூரன்ஸ் பாலிசிதான் பெரும்பகுதியைக் கொடுத்தது. அந்த அம்மாவுக்குக் கிடைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். லாபத்தை நாங்கள் எடுத்துக்கொண்டு, வலியை மட்டும் அவர் சுமப்பது எப்படிச் சரியாகும்?

திருப்பூரிலிருந்து, ஆடிட்டர்:

கோவை நண்பர் சொன்னதில் ஒரு சேர்ப்பு. இந்தியாவில் பங்குத் தொகையை முழுசாகக் கட்டிய பங்குதாரரின் சொந்த வீட்டை சாதாரணமாகத் தொட முடியாது. பாக்கி இருந்தால் அந்த அளவுக்குத்தான். இயக்குநர் நிலை வேறு. தாங்களே கேட்டுப் பெயரை நீக்கும்போது, பின்னால் வரும் கோரிக்கைகளுக்கு ஈடுகட்டுவதாக எஸ்.டி.கே.-3 படிவத்தில் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பணம் வரவேண்டியவர்களை ஏமாற்றத்தான் மூடினார்கள் என்று நிரூபித்தால் பிரிவு 251 அவர்களைத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும். வக்கீலிடம் போகும்போது அந்தப் பத்திரத்தின் நகலை எம்.சி.ஏ.வில் எடுத்துக்கொண்டு போங்கள்.